சர்ப்பகந்தி: கல்கத்தாவில் தொடங்கிய ஒரு மருந்தின் வரலாறு

1931ஆம் ஆண்டு கல்கத்தாவில் கணநாத் சென், கார்த்திக் சந்திர போஸ் ஆகிய இருவரும் ஒரு கட்டுரையை வெளியிட்டனர். சர்ப்பகந்தி வேர் மனப்பிறழ்வுக்கும் உயர் இரத்த அழுத்தத்திற்கும் ஏற்ற மருந்து என்பது அதன் சாரம். 20 முதல் 30 கிரெயின் அளவு வேர்த்தூள் உறக்கத்தைத் தருவதோடு இரத்த அழுத்தத்தையும் ஆவேசத்தையும் தணிக்கிறது என்று நோயாளிகளிடம் கண்டதை அவர்கள் எழுதினர். உலக மருத்துவம் இக்கூற்றை ஏற்க இருபது ஆண்டுகளுக்கு மேலாயிற்று. இந்தத் தாமதம் ஏன் நேர்ந்தது?

‘இந்திய அறிவை மேற்கு புறக்கணித்தது’ என்பது வழக்கமான விடை. அதில் உண்மை இல்லாமலில்லை. ஆயினும் அது முழு விடையன்று. பீகாரில் ‘பாகல் கி தவா’ (பித்தர் மருந்து) என்று விற்கப்பட்ட இவ்வேரை இந்திய ஆய்வாளர்கள் தொடர்ந்து ஆராய்ந்தே வந்தனர். அதே 1931இல் தில்லி திப்பியா கல்லூரியில் சலீமுஸ்ஸமான் சித்திகியும் ரஃபத் ஹுசைன் சித்திகியும் வேரிலிருந்து ஆல்கலாய்டுகளைப் பிரித்தெடுத்தனர்; அவற்றுள் ஒன்றுக்கு ஹக்கீம் அஜ்மல் கான் நினைவாக அஜ்மலின் என்று பெயரிட்டனர். 1933இல் கல்கத்தா வெப்பமண்டல மருத்துவப் பள்ளியைச் சேர்ந்த ராம்நாத் சோப்ரா தம் குழுவினருடன் இவ்வேரின் ஆல்கலாய்டு ஒன்றின் செயலை ஆராய்ந்து வெளியிட்டார். 1943இல் குப்தா, தேவ், காஹாலி ஆகியோர் மனநோயாளிகளிடம் கண்ட முடிவுகளை இந்தியன் மெடிக்கல் கெஜட் இதழில் எழுதினர்.

சிக்கலின் ஒரு பகுதி வேதியியலில் இருந்தது. தூய படிகமாக எளிதில் கிடைத்த ஆல்கலாய்டுகளில் முழு வேரின் அமைதிப்படுத்தும் ஆற்றல் காணப்படவில்லை. அந்த ஆற்றல் பிசின் போன்ற எச்சத்தில் தங்கியிருந்தது. 1952இல் பாசல் நகரின் சீபா நிறுவன ஆய்வகத்தில் மியூலர், ஷ்லிட்லர், பெயின் ஆகியோர் அவ்வெச்சத்திலிருந்தே ரெசர்பைனைப் பிரித்தனர்.

மற்றொரு பகுதி சான்றின் வடிவத்தில் இருந்தது. ஒப்பீட்டுக் குழுவை வைத்துச் சோதிக்கும் முறை 1931இல் எங்குமே பொதுவழக்கமாகியிருக்கவில்லை. அதன் முன்மாதிரியாகக் கருதப்படும் ஸ்ட்ரெப்டோமைசின் ஆய்வு 1948இல்தான் வெளிவந்தது. 1949இல் பம்பாய் மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல், உயர் இரத்த அழுத்தமுள்ள 50 நோயாளிகளின் அளவீடுகளை பிரிட்டிஷ் ஹார்ட் ஜர்னலில் வெளியிட்டார். பாஸ்டனில் ராபர்ட் வில்கின்ஸ் அதைப் பின்தொடர்ந்து சோதித்தார். 1954இல் நியூயார்க் மாநிலத்தில் நேதன் கிளைன் மனநோயாளிகளிடம் கண்ட பயனை எழுதினார். வேர் மாறவில்லை. அளவீடும் அது வெளியான இதழும் மாறின. எந்த நகரின் இதழில் வெளிவந்தது என்பதும் சான்றின் எடையைத் தீர்மானித்தது என்பதை இங்கே மறுக்க இயலாது. 1957இல் லாஸ்கர் விருது வக்கீலுக்கும் கிளைனுக்கும் கிடைத்தது.

எனினும் இவ்வரலாறு வெற்றிக் கதையாக முடிவதில்லை. ரெசர்பைன் உட்கொண்டோர் சிலரிடம் கடும் மனச்சோர்வு தோன்றியதாக 1950களில் செய்திகள் வந்தன. 1955இல் அமெரிக்க ஆய்வாளர்கள் அது மூளையின் செரடோனினைக் குறைப்பதைக் காட்டினர். மனச்சோர்வின் வேதியியல் காரணம் பற்றிய கருதுகோள் இங்கிருந்தே வலுப்பெற்றது. ஆனால் அதே 1955இல் இலண்டனில் டேவிஸ், ஷெப்பர்ட் ஆகியோர் நடத்திய ஒப்பீட்டு ஆய்வில், பதற்றமும் சோர்வும் கொண்ட நோயாளிகளுக்கு ரெசர்பைன் நன்மை செய்தது. அந்த முடிவு நெடுங்காலம் கவனிக்கப்படாமலே கிடந்தது. சான்றைப் புறக்கணிப்பது கல்கத்தாவுக்கு மட்டும் நேர்ந்ததன்று.

இன்னொன்றும் எண்ணத்தக்கது. 1931இல் நியூரெம்பெர்க் நெறிமுறையும் (1947) ஹெல்சிங்கி பிரகடனமும் (1964) பிறந்திருக்கவில்லை. இம்மருந்தின் பயனை முதலில் தம் உடலில் தாங்கிக் காட்டியவர்கள் மறுப்புச் சொல்லும் வலுவற்ற மனநோயாளிகள். ஆய்வாளர்களின் பெயர்கள் நூல்களில் உள்ளன. அவர்களுடைய பெயர்கள் இல்லை.

இன்று மூலிகைத் துணையுணவுகள் ‘மரபு சொல்கிறது’ என்ற ஒற்றை வாதத்தோடு சந்தைக்கு வருகின்றன. சர்ப்பகந்தியின் வரலாறு அவ்வாதத்தை முற்றாகத் தள்ளவும் இல்லை, அதோடு நின்றுவிடவும் இல்லை. எதைச் சோதிக்க வேண்டும் என்பதை மரபு சரியாகவே சுட்டியது. எவ்வளவு, யாருக்கு, எத்தனை நாள், என்ன தீங்கு என்ற வினாக்களுக்கு மனிதரிடம் பொறுமையாகச் செய்த ஆய்வே விடை தந்தது. இதற்கிடையே தேவை பெருகி, காட்டிலிருந்த செடியே அருகிப்போனது. 1990 முதல் அதன் பன்னாட்டு வணிகம் சைட்டீஸ் உடன்படிக்கையின் கட்டுப்பாட்டில் உள்ளது. ஒரு மருந்தின் வரலாற்றை எழுதுவோர் மருத்துவரையும் ஆய்வகத்தையும் மட்டுமன்றி, பெயரற்ற நோயாளியையும் பிடுங்கப்பட்ட வேரையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.