ஸ்லோவேனியாவின் தண்ணீர் வாக்கெடுப்பு (2021)

ஸ்லோவேனியாவின் நீர்ச்சட்டத்துக்கு அரசு கொண்டுவந்த திருத்தத்தின் மீது 2021 ஜூலை 11 அன்று நடந்த பொது வாக்கெடுப்பு. வாக்களித்தோரில் 86 விழுக்காட்டினருக்கு மேல் எதிர்த்ததால் திருத்தம் வீழ்ந்தது.

ஏறத்தாழ 21 லட்சம் மக்கள் வாழும் இந்நாட்டின் குடிநீர் பெரும்பாலும் நிலத்தடியிலிருந்தே வருகிறது. நாட்டின் கணிசமான பகுதி சுண்ணாம்புப் பாறை. நீர் அரித்த குகைகளும் பள்ளங்களும் நிறைந்த அத்தகைய நிலத்தைப் புவியியலார் ‘கார்ஸ்ட்’ என்கிறார்கள். இங்குள்ள கிராஸ் பீடபூமியின் ஜெர்மன் பெயர்தான் அது. அங்கே ஆறு பூமிக்குள் மறைந்து வேறோரிடத்தில் தலைகாட்டும். வடிகட்டுவதற்குப் போதிய மண் இல்லாததால், மேலே கொட்டிய கழிவு விரைவிலேயே கீழுள்ள ஊற்றை எட்டிவிடும். ஆற்றங்கரை பற்றிய சட்டப்பிரிவு ஒன்று அங்கே வீட்டுக்கு வீடு பேச்சானதற்கு இந்த நில அமைப்பும் ஒரு காரணம்.

2016 நவம்பர் 17 அன்று நாடாளுமன்றம் அரசியலமைப்பில் 70அ பிரிவைச் சேர்த்தது. குடிநீர் ஒவ்வொருவரின் உரிமை. மக்களுக்கான குடிநீர் சந்தைப் பொருள் அல்ல. அதை லாப நோக்கின்றி வழங்க வேண்டும் என்றது அப்பிரிவு. 90 இடங்கள் கொண்ட அவையில் ஆதரவு 64, எதிர்ப்பு இல்லை. யானெஸ் யான்ஷாவின் ஸ்லோவேனிய ஜனநாயகக் கட்சி வாக்களிக்காமல் ஒதுங்கியது. 2021 மார்ச் இறுதியில் நீர்ச்சட்டத் திருத்தம் நிறைவேறியபோது பிரதமர் அதே யான்ஷா.

சர்ச்சை முழுவதும் 37ஆம் பிரிவைச் சுற்றியே. பெரிய நீர்நிலைகளின் ஓரத்தில் குறைந்தது 15 மீட்டரும் சிறியவற்றின் ஓரத்தில் 5 மீட்டரும் பாதுகாப்புக் கரை. அங்கே ‘பொதுப் பயன்பாட்டுக் கட்டடங்களை’ அனுமதிக்கத் திருத்தம் வழிசெய்தது. கேட்பதற்கு நூலகம், பள்ளிக்கூடம் போலத் தோன்றும் இச்சொல்லில் கட்டடச் சட்டப்படி ஓட்டலும் கடையும் அடங்கும் என்று எதிர்ப்பாளர்கள் சுட்டிக்காட்டினார்கள். நீர்த்துறையின் ஒப்புதல் கட்டாயம், ஆறுகளைப் பராமரிக்கக் கூடுதல் நிதி கிடைக்கும் என்றது அரசு.

‘குடிநீருக்காக’ என்ற பெயரில் சுற்றுச்சூழல் அமைப்புகள் ஒன்றுசேர்ந்தன. அவற்றில் ஒன்றான ஏகோ கிரோக் அமைப்பின் உரோஷ் மாட்ஸெர்ல் இயற்கை விவசாயி; ஊருக்கு அருகே சிமெண்ட் ஆலையொன்று தொழிற்கழிவை எரிப்பதை வழக்காடி நிறுத்தியதற்காக 2017இல் கோல்ட்மேன் பரிசு பெற்றவர். வாக்கெடுப்புக் கோர 40,000 கையொப்பங்கள் தேவை. பெருந்தொற்றுக் காலத்திலும் 50,000க்கு மேல் சேர்ந்தன.

அதைவிடக் கடினமானது வெற்றிக்கான நிபந்தனை. 2013 விதிப்படி, ஒரு சட்டத்தை வீழ்த்த எதிர்ப்பு வாக்குகள் பெரும்பான்மையாக இருந்தால் மட்டும் போதாது. மொத்த வாக்காளர்களில் ஐந்தில் ஒரு பங்கினர், அதாவது ஏறத்தாழ 3.4 லட்சம் பேர், எதிர்த்திருக்க வேண்டும். விடுமுறைக் கோடையில் ஆள் வராது என்று கணக்குப் போட்டவர்கள் ஏமாந்தார்கள். 46 விழுக்காட்டினர் வந்தார்கள். எதிர்ப்பு வாக்குகள் 6.7 லட்சத்தைத் தாண்டின.

2022 ஏப்ரல் தேர்தலில் யான்ஷா ஆட்சியை இழந்தார். அதற்குக் காரணங்கள் பல. தண்ணீரை மட்டும் சொல்வது மிகை. 2023 ஆகஸ்டில் வந்த பெருவெள்ளத்தில் ஆற்றோர வீடுகள் பல சேதமடைந்தன. ஆபத்தான இடங்களில் இருந்த வீடுகளை இடித்து, குடியிருந்தோரை வேறிடங்களில் குடியமர்த்தும் வேலையை அடுத்து வந்த அரசு ஏற்க வேண்டியதாயிற்று.