நம்பிக்கையே முதல்: சோமாலிய வணிகம்

கி.பி. 1331இல் மொகதீஷு துறைமுகத்தை அடைந்த பயணி இப்னு பதூதா, அங்கு நிலவிய வழக்கமொன்றைப் பதிவு செய்துள்ளார். கப்பல் வந்ததும் உள்ளூர் இளைஞர்கள் உணவுத் தட்டுகளுடன் சிறு படகுகளில் எதிர்கொண்டு செல்வர். உணவளித்தவரின் விருந்தினராகிவிடும் வணிகரின் கொள்முதலும் விற்பனையும் அவர் வழியாகவே நடைபெறும். நம்பிக்கையே அங்கு வணிகத்தின் முதலாயிருந்தது.

1991 ஜனவரியில் சியாத் பர்ரேயின் ஆட்சி வீழ்ந்தபோது மத்திய வங்கியும் செயலிழந்தது. எனினும் வணிகம் மடியவில்லை. கடன் மாற்றுதலைக் குறிக்கும் ‘ஹவாலா’ என்னும் சொல்லை நாம் ஃபிக்ஹு நூல்களில் ஓதியிருக்கிறோம். அப்பெயரில் வழங்கும் பணமாற்று முறையே, வெளிநாடு சென்ற சோமாலியரின் உழைப்பூதியத்தை அவர்தம் இல்லங்களில் சேர்த்தது. ஒரு நகரில் பணம் செலுத்தப்படும். தகவல் கிடைத்ததும் மறுநகர முகவர் தம் கையிருப்பிலிருந்து வழங்குவார். கணக்கு பின்னர் தீர்க்கப்படும்.

2001 நவம்பரில், பயங்கரவாதத்திற்கு நிதியளித்ததாகக் கூறி, ‘அல்பரகாத்’ நிறுவனத்தின் சொத்துகளை அமெரிக்கா முடக்கியது. அக்குற்றச்சாட்டு நிரூபிக்கப்படவில்லை என்பதை, செப்டம்பர் 11 தாக்குதலை விசாரித்த அமெரிக்க ஆணையத்தின் அலுவலர்களே 2004இல் எழுதினர். அதற்குள் எத்தனையோ வீடுகளின் அடுப்பெரிக்கும் பணம் முடங்கிப்போயிற்று.

2023 டிசம்பரில் சோமாலியாவுக்கு 450 கோடி டாலர் கடன் நிவாரணம் நிறைவேறியது. இது வரவேற்கத்தக்கதே. சாலையையும் நீதிமன்றத்தையும் நம்பிக்கை மட்டுமே அமைத்துத் தந்துவிடாது. அவற்றுக்கு அரசு வேண்டும். ஆயினும், அரசு இல்லாத காலத்தில் அம்மக்களைப் பசியினின்று காத்ததில் அமானிதம் பேணும் பண்புக்குப் பெரும் பங்குண்டு. இனி எழும் வங்கிகளும் சட்டங்களும் அப்பண்பையே தமக்கு அடித்தளமாகக் கொள்ளட்டும் என்பதே நமது விழைவு.