கர்ப்பிணியின் தைராய்டும் குழந்தையின் மூளையும்: மலைகள் சொன்ன வரலாறு

ஏற்காடு மலை, கொட்டச்சேடு பக்கத்தில் இருந்து ஒரு சகோதரி கேட்டிருந்தார்.

"ரெண்டு மாச கர்ப்பம் டாக்டர். தைராய்டு கம்மின்னு மாத்திரை குடுத்திருக்காங்க. ஹார்மோன் மாத்திரை குழந்தையோட மூளையப் பாதிக்கும், பின்னாடி மனநோய் வரும்னு வீட்ல பயப்படுறாங்க. நிறுத்திடவா?"

நிறுத்தாதீங்கம்மா. உண்மை நேர் எதிரானது.

அந்த மாத்திரை, உங்க கழுத்தில் இருக்கும் சுரப்பி சுரக்க வேண்டிய அதே தைராக்சின்தான். கருவில் இருக்கும் குழந்தையின் தைராய்டு ஏறக்குறைய 12 வாரத்துக்குப் பிறகுதான் மெல்ல வேலையைத் தொடங்கும். அதுவரை அதன் மூளை வளர அம்மாவின் ஹார்மோனை விட்டால் வேறு வழி இல்லை.

இது உறுதியாகத் தெரிய மருத்துவ உலகத்துக்கு அறுபது வருஷத்துக்கு மேல ஆச்சு. அந்தக் கதை பெரும்பாலும் மலை ஊர்களில் நடந்த கதை.

ராபர்ட் மெக்காரிசன் என்று ஒரு பிரிட்டிஷ் ராணுவ மருத்துவர். பின்னாளில் நம்ம குன்னூரில் ஊட்டச்சத்து ஆய்வுக்கூடம் நடத்தியவர். அதுதான் 1958ல் ஹைதராபாத்துக்கு இடம் மாறி, பின்னர் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் ஆனது.

குன்னூருக்கு வரும் முன் அவர் இமயமலைப் பக்கம் கில்கிட், சித்ரால் பள்ளத்தாக்குகளில் வேலை பார்த்தார். காது கேட்காத, பேச்சு வராத, கால் விறைத்த, அறிவு வளர்ச்சி நின்றுபோன குழந்தைகள் அங்கே நிறைய. இதற்கு கிரெட்டினிசம் என்று பெயர். 1908ல் அதைப் பற்றி விரிவாக எழுதினார். அந்தக் குழந்தைகளின் அம்மாக்கள் பெரும்பாலும் எல்லாருக்கும் கழுத்தில் கழலை இருந்ததையும் கவனித்தார்.

துப்பு கையில் கிடைத்துவிட்டது. ஆனா மனுஷன் பழியைத் தண்ணீரில் இருக்கும் கிருமி மேல் போட்டார்! வாய்க்கால் தண்ணியை வடிகட்டி, அடியில் தங்கிய வண்டலைத் தானே குடித்தும் பார்த்தார்.

உண்மைக் காரணம் அயோடின் பற்றாக்குறை. தைராய்டு ஹார்மோன் தயாரிக்க அயோடின் வேண்டும். மழையும் பனியும் மலை மண்ணில் இருந்து அதை அரித்துக் கடலுக்குக் கொண்டு போய்விடும்.

சுதந்திரத்துக்குப் பிறகு 1956ல், இமாச்சலத்தின் காங்ரா பள்ளத்தாக்கில் டாக்டர் ராமலிங்கசுவாமி குழுவினர் ஊர்களை மூன்று பகுதிகளாகப் பிரித்தார்கள். இரண்டுக்கு அயோடின் சேர்த்த உப்பு, ஒன்றுக்கு வெறும் உப்பு. சில வருஷத்தில் அயோடின் உப்பு போன இரண்டு பகுதிகளில் மட்டும் கழலை நன்றாகக் குறைந்தது. 1962ல் தேசியக் கழலைக் கட்டுப்பாட்டுத் திட்டம் வந்தது.

கழலை சரி, குழந்தையின் மூளை? அதற்கு விடை பப்புவா நியூ கினியின் ஜிமி பள்ளத்தாக்கில் கிடைத்தது. 1966ல் சில குடும்பங்களுக்கு அயோடின் எண்ணெய் ஊசி, மற்றவர்களுக்கு வெறும் உப்புநீர் ஊசி. (இன்றைக்கு எந்த நெறிமுறைக் குழுவும் இதை அனுமதிக்காது.)

வெறும் ஊசி போட்ட பக்கம் 498 குழந்தைகளில் 26 பேருக்குக் கிரெட்டினிசம். அயோடின் பக்கம் 534ல் 7 பேர். அந்த ஏழில் ஆறு அம்மாக்கள் ஊசி போடும்போதே கர்ப்பமா இருந்தவர்கள்! அதாவது, கரு உருவான பிறகு கொடுத்த அயோடின் அவர்களுக்குத் தாமதமாகிவிட்டது.

சரி, லேசான குறைபாடு இருந்தால்? இங்கேதான் விஷயம் சிக்கலாகிறது. 1999ல் அமெரிக்க ஆய்வு ஒன்று, கர்ப்பத்தில் தைராய்டு குறைவுக்குச் சிகிச்சை பெறாத தாய்மாரின் குழந்தைகளுக்கு ஐக்யூ சுமார் 7 புள்ளி குறைவு என்றது. 2012ல் இன்னொரு பெரிய ஆய்வில், லேசான குறைபாட்டுக்கு மாத்திரை கொடுத்தும் கொடுக்காமலும் பார்த்ததில் மூன்று வயதுக் குழந்தைகளிடம் வித்தியாசமே இல்லை. சராசரியா 13 வாரம் தாண்டித்தான் அங்கே மாத்திரை தொடங்கினார்கள் என்பதையும் சேர்த்துப் பார்க்கணும்.

மனநோய் பற்றி, 2016 ஃபின்லாந்து ஆய்வில் தாயின் தைராக்சின் குறைவுக்கும் பிள்ளையின் ஸ்கிசோஃப்ரினியாவுக்கும் ஒரு தொடர்பு தெரிந்தது. தொடர்பு என்றால் காரணம் என்று அர்த்தம் இல்லை. பிள்ளைக்கு மனநோய் என்றதும் "நீ கர்ப்பத்துல ஒழுங்கா இல்ல" என்று அம்மாவைக் குற்றவாளி ஆக்கும் வீடுகளுக்குத்தான் இதை அழுத்திச் சொல்றேன்.

இப்போ நம்ம ஊர் கணக்கு. 2018-19 தேசிய அயோடின் ஆய்வில், போதுமான அயோடின் உள்ள உப்பைப் பயன்படுத்தும் வீடுகள் நாட்டில் 76 சதவீதம். தமிழ்நாட்டில் 62 சதவீதம் மட்டுமே, மாநிலங்களில் கடைசி. தூத்துக்குடியில் உப்பை மலை மலையாக் குவித்து வைத்திருக்கும் நாம்!

மலையோ சமவெளியோ, கல்லுப்புதான் வேணும்னா பாக்கெட்டில் அயோடின் சேர்த்தது என்று போட்டிருக்கானு பார்த்து வாங்குங்க. மூடி போட்ட டப்பாவில் வைங்க. ஆனா தைராய்டு குறைவுக்கு உப்பு மாத்திரைக்கு மாற்று இல்லை.

அந்தச் சகோதரிக்கு: மாத்திரையைக் காலையில் வெறும் வயிற்றில் போடுங்க. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுக்கும் இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகளை நாலு மணி நேரம் தள்ளிப் போடுங்க, சேர்த்துப் போட்டால் தைராக்சின் உடம்பில் சரியாகச் சேராது. கர்ப்பத்தில் தேவை கூடும், அதனால் நாலு முதல் ஆறு வாரத்துக்கு ஒருமுறை டிஎஸ்எச் பார்த்து டோஸை மருத்துவர் மாற்றுவார்.