மூடி நீக்கம்: பெயர் சுட்டிய இடமும் வெப்பம் தேங்கிய இடமும்

கணினிச் செயலியின் மேற்புறத்தில், நிறுவனத்தின் பெயரும் எண்ணும் பொறிக்கப்பட்ட வெள்ளிநிறத் தகட்டுக்கு இரண்டு பெயர்கள் வழங்குகின்றன. உற்பத்தியாளரின் ஆவணங்களில் அது ‘ஒருங்கிணைந்த வெப்பப் பரப்பி’. பயனரின் பேச்சில் அது வெறும் ‘லிட்’, அதாவது மூடி. முதற்பெயர் தகட்டின் பணியைச் சொல்கிறது; இரண்டாம் பெயர் அது எதையோ மறைத்து நிற்பதைச் சொல்கிறது. இந்த இரண்டாம் பெயரிலிருந்தே ‘டீலிட்டிங்’ என்னும் சொல் பிறந்தது. செயலியை அதற்கு விதிக்கப்பட்ட வேகத்துக்கு மேல் இயக்குவோர், அதாவது ஓவர்கிளாக்கிங் செய்வோர், வெப்பத்தைக் குறைப்பதற்காக அத்தகட்டைப் பெயர்த்தெடுக்கும் முறைக்கு அப்பெயர் வழங்கலாயிற்று. ஆயினும் இம்முறையின் வரலாற்றில் ஒரு முரண் உண்டு. மூடியைக் கழற்றியவர்களுள் பலர் அதை மீண்டும் அதே இடத்தில் ஒட்டி வைத்தனர். வெப்பம் அப்படியும் குறைந்தது. எனில் பழி மூடியின்மீது விழுந்தது எவ்வாறு? வெப்பம் உண்மையில் தேங்கிய இடம் எது?

மூடியின் தோற்றத்திலிருந்து தொடங்குவது பொருத்தம். 1999-ஆம் ஆண்டின் இறுதியில் வந்த இன்டெலின் ‘காப்பர்மைன்’ வகை பென்டியம் 3, 2000 ஜூனில் வந்த ஏஎம்டியின் ‘தண்டர்பேர்டு’ வகை அத்லான் ஆகியவற்றின் சாக்கெட் வடிவங்களில் மூடி இல்லை. சிலிக்கான் சில்லு கவிழ்த்து வைக்கப்பட்டு அடித்தகட்டோடு இணைந்திருக்கும். அதன் முதுகு வெளியே தெரியும். அம்முதுகின்மீதே ஹீட்சிங்க் எனப்படும் வெப்பநீக்கி அமரும். வெப்பம் செல்வதற்கு இதைவிட நேரான வழி இல்லை. ஆனால் சிலிக்கான் கண்ணாடியைப் போல நொறுங்கும் இயல்புடையது. அத்லானின் வெப்பநீக்கியை இறுக்கும் உலோகப் பிடியைத் திருப்புளியால் பலமாக அழுத்தி மாட்ட வேண்டியிருந்தது. அப்போது வெப்பநீக்கி சற்றே ஒருபுறம் சாய்ந்தாலும் சில்லின் விளிம்பு சிதறும்; செயலி பயனற்றுப் போகும். இதைத் தடுக்க ஏஎம்டி அடித்தகட்டின் நான்கு மூலைகளிலும் சிறு ரப்பர் மெத்தைகளை ஒட்டியது. சில்லைச் சுற்றி வைப்பதற்கென்றே மெல்லிய செம்புச் சட்டங்களும் சந்தையில் விற்கப்பட்டன.

2000 நவம்பரில் வந்த பென்டியம் 4, 2003 செப்டம்பரில் வந்த அத்லான் 64 ஆகியவற்றில் நிக்கல் பூசிய செம்புத் தகடு சில்லின்மேல் கவிக்கப்பட்டது. சிறு பரப்பில் எழும் வெப்பத்தை அகன்ற பரப்புக்குப் பரப்புவது அதன் ஒரு பணி. மனிதக் கையின் தவற்றிலிருந்து சில்லைக் காப்பது மற்றொரு பணி. ஆகவே ‘பரப்பி’, ‘மூடி’ என்னும் இரு பெயர்களும் பொய்யல்ல. ஆனால் மூடி வந்ததும் வெப்பத்தின் பாதையில் ஓர் இணைப்பு இரண்டாயிற்று. முன்பு சில்லுக்கும் வெப்பநீக்கிக்கும் இடையில் ஒரே ஓர் இடைப்பொருள் போதும். அதைப் பயனரே தேர்ந்து இடுவார். இப்போது சில்லுக்கும் மூடிக்கும் இடையில் ஒன்று, மூடிக்கும் வெப்பநீக்கிக்கும் இடையில் மற்றொன்று. முதல் இணைப்பு ஆலையிலேயே முடிந்து கருப்புச் சிலிக்கோன் பசையால் அடைக்கப்படுகிறது. பயனர் அதைப் பார்க்கவும் முடியாது, மாற்றவும் முடியாது. பின்னாளில் எழுந்த பிணக்கு முழுவதும் இந்த மறைந்த இணைப்பைப் பற்றியது.

அவ்விணைப்பு ஏன் அத்துணை முக்கியமாயிற்று என்பதற்குச் செயலியின் இயல்பை அறிய வேண்டும். செயலி செலவிடும் திறன், கடிகார வேகத்துக்கு நேர்விகிதத்திலும் மின்னழுத்தத்தின் இருமடிக்கு நேர்விகிதத்திலும் உயர்கிறது. வேகத்தை 20 விழுக்காடு கூட்ட மின்னழுத்தத்தை 10 விழுக்காடு கூட்ட நேர்ந்தால் திறன் ஏறத்தாழ 45 விழுக்காடு கூடும்; அவ்வளவும் வெப்பமாகவே வெளியேற வேண்டும். டிரான்சிஸ்டர் சிறுத்தால் மின்னழுத்தமும் குறையும், ஆகவே ஒரே பரப்பில் வெப்பம் கூடாது என்று 1974-இல் ஐபிஎம் நிறுவனத்தின் ராபர்ட் டென்னார்டும் அவர் குழுவினரும் வகுத்த விதி 2000-களின் நடுப்பகுதியில் செயலிழக்கலாயிற்று. அதன்பின் சில்லு சிறுக்கச் சிறுக்க அதன் ஒவ்வொரு சதுர மில்லிமீட்டரும் முன்னிலும் அதிக வெப்பத்தை உமிழ்ந்தது.

இச்சூழலில் 2011 ஜனவரியில் இன்டெலின் ‘சாண்டி பிரிட்ஜ்’ வந்தது. 32 நானோமீட்டர் நுட்பம். நான்கு கருக்கள் கொண்ட சில்லின் பரப்பு 216 சதுர மில்லிமீட்டர். அதில் சில்லும் மூடியும் இண்டியம் என்னும் மென்மையான உலோகப் பற்றாசினால் இணைக்கப்பட்டிருந்தன. ஏறத்தாழ 157 டிகிரி செல்சியஸில் உருகும் அவ்வுலோகம் வெப்பத்தை எளிதில் கடத்தும். ஓவர்கிளாக்கிங் ஆர்வலர்கள் அச்செயலியைப் பெரிதும் விரும்பினர். 2012 ஏப்ரலில் ‘ஐவி பிரிட்ஜ்’ வந்தது. 22 நானோமீட்டர் நுட்பம். பரப்பு 160 சதுர மில்லிமீட்டராகச் சுருங்கியது. வெப்பத் திறன் வரையறை 95 வாட்டிலிருந்து 77 வாட்டாகக் குறைந்தபோதும், பரப்பால் வகுத்துப் பார்த்தால் ஒரு சதுர மில்லிமீட்டருக்கான வெப்பம் 0.44 வாட்டிலிருந்து 0.48 வாட்டாக ஏறியிருந்தது. இவ்விடத்தில்தான் பற்றாசு நீக்கப்பட்டு வெப்பப் பசை புகுத்தப்பட்டது. விதித்த வேகத்தில் செயலி குறையின்றி இயங்கியது. வேகத்தைக் கூட்டியவர்களோ முந்தைய தலைமுறையில் காணாத வெப்பநிலையைக் கண்டனர்.

காரணம் நுட்பத்தின் சிறுமையா, புதிய முப்பரிமாண டிரான்சிஸ்டரா, பசையா என்ற வினா எழுந்தது. விடை காண ஒரே வழி திறந்து பார்ப்பது. 2012 மே மாதத்தில் ஜப்பானிய இதழான ‘பிசி வாட்ச்’, கோர் ஐ7-3770கே செயலியின் மூடியைப் பெயர்த்துப் பசையை மாற்றிச் சோதித்தது. 4.6 கிகாஹெர்ட்ஸ் வேகத்தில் வெப்பநிலை ஏறத்தாழ 20 டிகிரி வீழ்ந்தது. பழி உடனே பசையின் தரத்தின்மீது விழுந்தது. மலிவான பொருளை இட்டு ஏமாற்றிவிட்டனர் என்பதே பொதுப்பேச்சு. ஆனால் அளவீட்டில் பொறுமை காட்டிய ஆர்வலர்கள் வேறொன்றைக் கண்டனர். பழைய சிலிக்கோன் ஒட்டுப்பசையைச் சுரண்டிவிட்டு மூடியை மீண்டும் வைத்தபோது, உள்ளே இட்ட பசை எதுவாயினும் வெப்பம் கணிசமாகக் குறைந்தது. விளிம்பில் இருந்த ஒட்டுப்பசையின் தடிமன் மூடியைச் சற்றே தூக்கி நிறுத்தியிருந்தது. சில்லுக்கும் மூடிக்கும் இடையே தேவைக்கு மேற்பட்ட இடைவெளியை வெப்பப் பசை நிரப்பியிருந்தது. குற்றம் பசையின் குணத்தில் இருந்ததைவிட அதன் தடிமனில் மிகுதியாக இருந்தது.

ஓர் எளிய கணக்கு இதை விளக்கும். 160 சதுர மில்லிமீட்டர் பரப்பின் வழியே 120 வாட் வெப்பம் செல்வதாகவும், பசையின் வெப்பக் கடத்துதிறன் மீட்டர்-கெல்வினுக்கு 5 வாட் எனவும் கொள்வோம். பசைப் படலம் 100 மைக்ரான் தடிமன் கொண்டிருந்தால் அதன் இருபுறத்துக்கும் இடையே 15 டிகிரி வேறுபாடு தோன்றும். அதே பசை 25 மைக்ரானாக மெலிந்தால் வேறுபாடு 4 டிகிரிக்கும் குறைவு. பசைக்குப் பதில் இண்டியம் இருந்தால் 100 மைக்ரான் தடிமனிலும் வேறுபாடு ஏறத்தாழ 1 டிகிரிதான். தலைமுடியின் தடிமனையொத்த ஒரு படலம், பல ஆயிரம் ரூபாய் விலையுள்ள வெப்பநீக்கியின் பயனைப் பெருமளவு விழுங்கிவிட முடியும் என்பதே இதன் பொருள்.

மூடியைத் திறந்த முறைகளுக்கும் ஒரு வளர்ச்சி உண்டு. முதலில் சவர பிளேடு. மூடியின் நான்கு விளிம்பிலும் பிளேடை நுழைத்து ஒட்டுப்பசையை அறுப்பர். பிளேடு சற்று ஆழமாகப் போனால் அடித்தகட்டின் நுண்கம்பித் தடங்கள் அறுபடும். 2013-இல் வந்த ‘ஹாஸ்வெல்’ செயலிகளில் சில்லுக்கு அருகே மூடிக்குள் சிறு உறுப்புகள் இடம்பெற்றதால் பிளேடின் ஆபத்து மிகுந்தது. அடுத்து வந்தது பட்டறையின் வைஸ். மூடியை அதன் தாடைகளில் கவ்வவிட்டு, அடித்தகட்டின் விளிம்பில் மரக்கட்டையை வைத்துச் சுத்தியலால் தட்டுவர். பசை நறுக்கென்று விடுபடும். 2015-இல் வந்த ‘ஸ்கைலேக்’ செயலிகளின் அடித்தகடு மெலிந்திருந்ததால் அது வளைந்து முறியும் அச்சம் எழுந்தது. இதன்பின் ‘டெர்பௌவர்’ என்னும் பெயரால் அறியப்படும் ஜெர்மானியரான ரோமன் ஹார்ட்டுங் வடிவமைத்த சிறு கருவி போன்றவை வந்தன. திருகைச் சுழற்றினால் மூடி பக்கவாட்டில் மெல்ல நகர்ந்து விடுபடும். கைத்திறனாக இருந்தது கருவியாக மாறியது.

திறந்த இடத்தில் இடப்பட்ட பொருளும் மாறியது. காலியம், இண்டியம், வெள்ளீயம் ஆகியவற்றின் கலவை அறை வெப்பநிலையிலும் திரவமாகவே இருக்கும். இத்திரவ உலோகத்தின் கடத்துதிறன் பொதுவான பசையைப்போல் பத்து மடங்களவு. ஆனால் அது மின்சாரத்தையும் கடத்தும். ஒரு துளி சிதறினால் குறுக்குச்சுற்று. அருகிலுள்ள உறுப்புகளைக் காக்க ஆர்வலர்கள் நகப்பூச்சைப் பூசினர். காலியம் அலுமினியத்தை அரித்துச் சிதைக்கும் என்பதால் அலுமினிய அடி கொண்ட வெப்பநீக்கியை அதனோடு சேர்க்க இயலாது. மூடியை முற்றிலும் நீக்கிச் சில்லின்மீதே வெப்பநீக்கியை அமர்த்தியவர்களும் உண்டு. ஆனால் சாக்கெட்டின் பிடி மூடியின் உயரத்தைக் கணக்கிட்டே அமைந்தது. மூடியின்றிச் செயலியை அழுத்திப் பிடிக்கத் தனி ஏற்பாடு வேண்டும். விளிம்பு நொறுங்கும் 2000-ஆம் ஆண்டின் பழைய அச்சமும் திரும்பியது. ஆகவேதான் பலர் மூடியைத் திரும்ப ஒட்டினர்.

இவையனைத்தின் செலவும் பயனருடையது. மூடி கழன்ற செயலிக்கு உற்பத்தியாளரின் உத்தரவாதம் கிடையாது. ஓவர்கிளாக்கிங் செய்வதற்கென்றே கூடுதல் விலையில் விற்கப்பட்ட ‘கே’ வரிசைச் செயலிகளுக்கும் இது பொருந்தியது. அமெரிக்காவில் ‘சிலிக்கான் லாட்டரி’ என்னும் கடை, செயலிகளைச் சோதித்துத் தரம் பிரித்து, மூடியைத் திறந்து திரவ உலோகம் இட்டு விற்பதையே தொழிலாகக் கொண்டிருந்தது. ஆலையில் முடிந்ததாகக் கருதப்பட்ட பொருளை இன்னொருவர் முடித்துத் தருவதற்கு ஒரு சந்தை இருந்தது என்பதே அதன் வரலாற்றுப் பொருள்.

உற்பத்தியாளர் தரப்பையும் எடைபோட வேண்டும். சிறிய சில்லுகளில் பற்றாசு, சூடேறிக் குளிரும் சுழற்சியால் விரிசல் காணக்கூடும். சில்லின் முதுகில் பொன் உள்ளிட்ட உலோகப் படலங்களை இட்டாலன்றிப் பற்றாசு ஒட்டாது. விதித்த வேகத்தில் இயக்கும் பெரும்பான்மையோருக்குப் பசை போதுமானதாகவே இருந்தது. இவ்வாதம் 2012-இல் வலுவுடையது. ஆனால் 2017-இல் 999 டாலர் விலையில் வந்த கோர் ஐ9-7900எக்ஸ் செயலியின் சில்லு 300 சதுர மில்லிமீட்டருக்கும் மேற்பட்டது. அதிலும் பசையே இருந்தபோது, சிறுமையைக் காரணம் காட்டும் வாதம் தளர்ந்தது.

2018 அக்டோபரில் கோர் ஐ9-9900கே செயலியில் பற்றாசு திரும்பியது. இன்டெல் அதை ஒரு சிறப்பாகவே விளம்பரப்படுத்தியது. ஆயினும் அதையும் திறந்தவர்கள் இன்னும் சில டிகிரி மிச்சப்படுத்த முடிவதைக் கண்டனர். சில்லின் முதுகைத் தேய்த்து மெலிதாக்கியபோது வெப்பம் மேலும் குறைந்தது. 2020-இல் கோர் ஐ9-10900கே செயலியில் இன்டெல் தானே சில்லின் தடிமனை 800 மைக்ரானிலிருந்து 500 மைக்ரானாகக் குறைத்து, அதனால் கிடைத்த உயரத்தைச் செம்பு மூடிக்கு அளித்தது. ஆர்வலர்களின் சோதனையே இதற்குக் காரணம் என்று கூறச் சான்று இல்லை. இருப்பினும் அவர்களின் மேசையில் தெரியவந்த உண்மையும் ஆலையின் வடிவமைப்பும் ஒரே புள்ளியில் சந்தித்தன என்பது தெளிவு. அதே 2020-இல் சோனி நிறுவனம் பிளேஸ்டேஷன் 5 கருவியில் திரவ உலோகத்தை ஆலையிலேயே இட்டு விற்றது. 2021-இல் சிலிக்கான் லாட்டரி கடை மூடப்பட்டது. செயலிகளில் ஆர்வலர் கூட்டிக்கொள்ள எஞ்சியிருக்கும் வேகம் சுருங்கிவிட்டது என்பதே அது சொன்ன காரணம்.

பெயர் மெய்யான தருணம் ஒன்றும் இவ்வரலாற்றில் உண்டு. 2022 செப்டம்பரில் வந்த ஏஎம்டியின் ரைசன் 7000 வரிசையில் பற்றாசு உண்டு. இடைவெளிக் குறை இல்லை. ஆனால் பழைய சாக்கெட்டின் வெப்பநீக்கிகள் புதிய சாக்கெட்டிலும் பொருந்த வேண்டும் என்பதற்காகச் செயலியின் மொத்த உயரம் பேணப்பட்டது. அதற்கேற்ப மூடி தடித்தது. உயர்நிலைச் செயலிகள் முழுச்சுமையில் 95 டிகிரி வரை செல்லும்படியே வகுக்கப்பட்டன. ஹார்ட்டுங் ஒரு ரைசன் 9 7900எக்ஸ் செயலியின் மூடியை அகற்றிச் சில்லின்மீதே வெப்பநீக்கியை அமர்த்தியபோது வெப்பநிலை ஏறத்தாழ 20 டிகிரி குறைந்தது. இங்கே தடை மூடியேதான்.

2012-க்கும் 2022-க்கும் இடையில் ‘மூடி நீக்கம்’ என்னும் சொல் மாறவில்லை. அது சுட்டிய சிக்கல் மாறியது. முதலில் ஒட்டுப்பசையின் தடிமன், பிறகு சிலிக்கானின் தடிமன், இறுதியில் மூடியின் தடிமன். கண்ணுக்குத் தெரியும் செயலுக்குப் பெயர் வைப்பது மக்கள் வழக்கு. அச்செயல் பலன் தந்ததற்கான காரணம் அப்பெயருக்குள் அடங்கியிருக்க வேண்டியதில்லை. தொழில்நுட்ப வரலாற்றைச் சொற்களின் வழியே வாசிப்போர் மனத்தில் கொள்ள வேண்டிய எச்சரிக்கை இது. பசையைப் பழித்தவர்களும் மூடியைப் பழித்தவர்களும் ஏராளம். இடைவெளியை அளந்தவர்கள் சிலரே. இன்று இத்துறையில் நிலைத்திருப்பது அச்சிலரின் அறிவுதான். அதற்கு அவர்கள் கொடுத்த விலை, உத்தரவாதம் இழந்த செயலிகளும் பிளேடு பட்டுப் பாழான அடித்தகடுகளும்.