ஏற்றத்தில் கொதித்த எஞ்சின்கள்

அவிசாவளையிலிருந்து ஹட்டனுக்குப் போகும் ஏ7 வீதி, கித்துல்கலை வரை வாகனத்தை அதிகம் சோதிப்பதில்லை. களனி கங்கையை ஒட்டியே வந்துவிடலாம். அங்கிருந்து கினிகத்தேனைக்கு ஏறும் வளைவுகளில்தான் எஞ்சினின் உண்மை நிலை வெளியே வரும். வெப்பமானியின் முள் நடுக்கோட்டைத் தாண்டும். பொனட் இடுக்கில் ஆவி கசியும். சாரதி ஓரங்கட்டுவார். திம்புள்ளை மலைகளுக்கு மோட்டார் ஏறத் தொடங்கிய காலந்தொட்டு இந்தக் காட்சி மாறவில்லை. அதன் காரணம் மட்டும் மாறிக்கொண்டே வந்திருக்கிறது. ஒவ்வொரு தலைமுறையிலும் எஞ்சினைக் கொதிக்க வைத்த குற்றவாளி வேறு. அவனைப் பிடிக்க மலையகத்துச் சாரதிகளும் கராஜ்காரர்களும் கற்றுக்கொண்ட வழிகளும் வேறு.

ஹட்டன், கொட்டகலை, பத்தனை, தலவாக்கலை, லிந்துலை, அக்கரபத்தனை என்று விரியும் இந்தத் திம்புள்ளைப் பகுதியில் தேயிலைக்கு முன்னால் இருந்தது கோப்பி. 1869இல் இலங்கையில் தலைகாட்டிய இலைத்துரு நோய் கோப்பியை அழித்தபின் அதே சரிவுகளில் தேயிலை ஏறியது. தோட்டம் போட்டவர்களில் பெரும்பாலோர் தென்னிந்தியாவிலிருந்து நடந்துவந்த தமிழ்த் தொழிலாளர்கள். வீதி வெட்டியவர்களிலும் அவர்கள் பலர். அந்த வீதிகள் மாட்டுவண்டிக்காக வெட்டப்பட்டவை. மாடு இழுக்கத் தாங்கும் ஏற்றம், வண்டி திரும்பப் போதுமான வளைவு, அவ்வளவுதான் அன்றைய கணக்கு. ரயில் 1874இல் நாவலப்பிட்டிக்கும் 1885இல் நானுஓயாவுக்கும் வந்தது. நானுஓயாவிலிருந்து நுவரெலியா வழியாக ராகலைக்கு 1903-04இல் ஒரு குறுகிய ரயில்பாதையும் போடப்பட்டது. மோட்டார் வாகனங்களோடு போட்டியிட முடியாமல் 1940களில் அந்தக் குறும்பாதை மூடப்பட்டது. மாட்டுக்காக வெட்டிய வளைவுகளில் இனி லொறி ஏறியாக வேண்டும்.

ஏற்றம் எஞ்சினை ஏன் இவ்வளவு வாட்டுகிறது? எரிபொருளிலிருந்து கிடைக்கும் சக்தியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் வண்டியை நகர்த்துகிறது. இன்னொரு பங்கு புகைக்குழாய் வழியாகப் போகிறது. மீதியில் பெரும்பகுதியைத் தண்ணீர் சுமந்துபோய் ரேடியேட்டரில் இறக்க வேண்டும். சுமையோடு இரண்டாம் கியரில் ஏறும்போது வெப்பம் உச்சத்தில் இருக்கும். வண்டி ஊர்ந்துபோவதால் ரேடியேட்டரில் மோதும் காற்றோ மிகக் குறைவாக இருக்கும்.

இதோடு உயரமும் சேர்ந்துகொள்கிறது. கடல் மட்டத்தில் 100 பாகை செல்சியஸில் கொதிக்கும் தண்ணீர், ஒவ்வொரு 300 மீற்றர் உயரத்துக்கும் சுமார் ஒரு பாகை முன்னதாகவே கொதித்துவிடும். 1,271 மீற்றர் உயரத்திலுள்ள ஹட்டனில் ஏறக்குறைய 96 பாகை. 1,868 மீற்றரிலுள்ள நுவரெலியாவில் 94. மலையின் குளிர்ந்த காற்று இதற்கு ஈடுகொடுக்கிறது என்பதும் உண்மை. நுவரெலியாவின் சராசரி வெப்பநிலை 16 பாகையை ஒட்டியது, கொழும்பிலோ 27க்கு மேல். அதனால்தான் வாகனங்கள் உச்சியை அடைந்தபின் கொதிப்பதைவிட, காற்று இன்னும் வெக்கையாக இருக்கும் அடிவாரத்துச் செங்குத்து ஏற்றங்களில் கொதிப்பது வழக்கம்.

முதல் தலைமுறைக் கார்களில் குற்றவாளி வடிவமைப்பிலேயே இருந்தான். 1901இல் வெளிவந்த மெர்சிடிஸ் 35 குதிரைத்திறன் காருக்காக வில்ஹெல்ம் மைபாக் 8,070 சிறு குழாய்கள் கொண்ட தேன்கூட்டு ரேடியேட்டரை உருவாக்கியிருந்தார். வெப்பத்தைக் காற்றில் இறக்கும் வழி அப்போதே தெரிந்துவிட்டது. தண்ணீரை ஓடவைக்கும் பம்ப் மட்டும் பல கார்களில் இல்லை. 1908இல் வந்த ஃபோர்ட் மாடல் டி, முதல் சில ஆயிரம் வண்டிகளுக்குப் பிறகு பம்ப்பைக் கைவிட்டது. 1922இல் வந்து இலங்கையிலும் ஓடிய ஒஸ்டின் செவனும் அதே முறைதான். சூடான தண்ணீர் தானாக மேலே ஏறும், ஆறிய தண்ணீர் கீழே இறங்கும். அந்த ஓட்டத்தை நம்பியே எஞ்சின் ஓடியது. தண்ணீர் மட்டம் மேல் ஹோஸின் வாய்க்குக் கீழே இறங்கிவிட்டால் சுற்று அறுந்துபோகும். ஆகவே அந்தக் காலத்துச் சாரதிக்கு நோய் கண்டறிவது எளிது: மூடியைத் திறந்து மட்டத்தைப் பார், குறைந்திருந்தால் ஊற்று. வளைவுதோறும் ஓடை இருக்கும் மலையில் தண்ணீருக்குப் பஞ்சமில்லை.

இலங்கையில் மோட்டார் வாகனக் கழகம் 1904இலேயே தோன்றியது. நுவரெலியாவில் மகாகஸ்தொட்ட மலையேற்றக் கார்ப் பந்தயம் 1934இல் தொடங்கியது. பந்தயக் காரின் ஓட்டம் ஓரிரு நிமிடங்களில் முடிந்துவிடும். எஞ்சின் கொதிக்குமுன் சாரதி கைகுலுக்கி இறங்கிவிடலாம். குளிரூட்டும் முறையை நாள் முழுக்கச் சோதித்தது தோட்டத்து லொறி. தேயிலைப் பெட்டிகளோடு ஸ்டோர் எனப்படும் தேயிலை ஆலையிலிருந்து ரயில் நிலையத்துக்கு இறங்கி, அரிசியும் உரமும் விறகும் ஏற்றிக்கொண்டு திரும்பி ஏற வேண்டும். அந்த லொறியில் சாரதிக்குப் பக்கத்தில் ஒரு கிளீனர் இருப்பான். வண்டி நின்றதும் குதித்து இறங்கிப் பின்சக்கரத்துக்குக் கட்டை வைப்பதும், தகரவாளியோடு ஓடைக்கு ஓடுவதும் அவன் வேலை. லயம் எனப்படும் தோட்டத்து வரிசை வீடுகளில் பிறந்த பிள்ளைகள் பலருக்கு மோட்டார் தொழிலின் முதல் படி அந்தத் தகரவாளிதான். எந்தச் சத்தத்துக்குப் பிறகு ஆவி வரும், எந்த மணம் எண்ணெயுடையது, எது ரப்பருடையது என்பதையெல்லாம் அவர்கள் அங்கேயே கற்றார்கள்.

இரண்டாம் உலகப் போரையொட்டிய ஆண்டுகளில் வோட்டர் பம்ப்பும், எஞ்சின் சூடாகும்வரை ரேடியேட்டர் வழியை அடைத்துவைக்கும் தேமோஸ்டாட்டும், அழுத்த மூடியும் பரவலாயின. இவற்றில் மலைக்குப் பெரிய நன்மை செய்தது அந்தச் சிறிய மூடி. ஒரு வளிமண்டல அழுத்தத்தைக் கூடுதலாக உள்ளே தாங்கும் மூடி இருந்தால் தண்ணீர் சுமார் 120 பாகை வரை கொதிக்காது. உயரத்தால் இழந்த பாகைகள் திரும்பக் கிடைத்துவிடுகின்றன. கூடவே புதிய ஆபத்தும் வந்தது. 110 பாகையில் அமைதியாக இருக்கும் தண்ணீர், மூடியைத் திறந்து அழுத்தம் விடுபட்ட நொடியில் ஆவியாகச் சீறி முகத்தில் அடிக்கும். மட்டம் பார்க்க மூடியைத் திறந்த பழைய பழக்கம் பலருடைய கையையும் முகத்தையும் சுட்டது.

1958 ஜனவரி 1ஆம் திகதி பஸ் சேவைகள் தேசியமயமாகி இலங்கை போக்குவரத்துச் சபை உருவானது. தோட்டப் பாதைகளில் லேலண்ட் பஸ்கள் ஓடின. இந்தக் காலத்தின் குற்றவாளி துரு.

மலையகத்தின் தண்ணீர் பழம்பாறைகளின் மேல் ஓடிவரும் மென்னீர். சுண்ணாம்புக்கல் நிலத்தைக் கொண்ட யாழ்ப்பாணத்தில் கிணற்று நீர் கடினமானது. அதை ஊற்றினால் ரேடியேட்டர் குழாய்களில் வெள்ளைப் படிவு கட்டும். ஹட்டனில் அந்தத் தொல்லை குறைவு. ஆனால் மென்னீருக்கு இரும்பைத் துருவேறாமல் காக்கும் குணம் கிடையாது. வெறும் ஓடைத் தண்ணீரை ஆண்டுக்கணக்கில் குடித்த எஞ்சினின் உள்ளே துரு பொரிந்து, செம்பழுப்புச் சேறாகி, ரேடியேட்டரின் அடிக்குழாய்களில் போய் அடைக்கும். மழைக்காலத்து ஓடையின் வண்டலும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். குளிர்நாடுகளில் தண்ணீர் உறையாமல் இருக்கக் கூலன்ட் கட்டாயம். அதிலுள்ள மருந்து துருவையும் தடுத்துவிடும். நுவரெலியாவில் உறைபனி புல்லில் படியுமே தவிர எஞ்சினை வெடிக்க வைப்பதில்லை. ஆகவே கூலன்ட் வீண்செலவு என்ற எண்ணம் இங்கே வேரூன்றியது.

1970 முதல் 1977 வரை இறக்குமதிக் கட்டுப்பாடு கடுமையாக இருந்தது. புதிய ரேடியேட்டர் கிடைக்காது. பழையதைக் கழற்றி, மேல் தொட்டியை ஈயம் உருக்கிப் பிரித்து, குழாய் குழாயாக மெல்லிய கம்பி விட்டுக் குத்தி, மீண்டும் பற்றவைத்தார்கள். பித்தளையும் செம்பும் அந்தப் பொறுமைக்கு இடம்கொடுத்தன. சிறு கசிவுக்கு ரேடியேட்டருக்குள் மஞ்சள்தூள் போடுவது தெற்காசியா முழுவதும் அறிந்த கைவைத்தியம். ஓட்டையை அது அடைக்கும். பலவேளை நல்ல குழாயையும் சேர்த்தே அடைக்கும்.

அந்தத் தட்டுப்பாட்டுக் காலத்தில் வலுப்பட்ட இன்னொரு வைத்தியம் இன்றுவரை தொடர்கிறது: வண்டி சூடேறினால் தேமோஸ்டாட்டைக் கழற்றி எறிவது. அது மூடியபடியே சிக்கிக்கொண்டால் கொதிப்பு வரும் என்பது சரி. ஆனால் அதை எடுத்துவிட்டால் நுவரெலியாக் குளிரில் எஞ்சின் தனக்குரிய சூட்டை எட்டவே எட்டாது. எரிபொருள் வீணாகும், ஒயிலில் ஈரம் தங்கும், உள்பாகங்கள் தேயும். சில எஞ்சின்களில் சூடான தண்ணீர் ரேடியேட்டரைத் தொடாமல் பக்கவழியாகவே சுற்றிவந்து, கொதிப்பு இன்னும் கூடும்.

1977க்குப் பிறகு பொருளாதாரம் திறந்துவிடப்பட்டது. ஜப்பானிலிருந்து மறுசீரமைத்த வான்களும் லொறிகளும் வந்து குவிந்தன. இவற்றில் பலவற்றின் சிலிண்டர் ஹெட் அலுமினியத்தால் ஆனது. அலுமினியம் இரும்பைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். பழைய இரும்பு எஞ்சின் பலமுறை கொதித்தும் பிழைத்துக்கொண்டது. அலுமினிய ஹெட் ஒரே கொதிப்பில் வளைந்து, அதன் அடியிலுள்ள கெஸ்கட்டைப் பிளந்துவிடக் கூடும். முன்பு கொதிப்பு ஒரு தாமதம். இப்போது அது ஒரு பெருஞ்செலவு. காரணத்தைச் சரியாகக் கண்டுபிடிக்க வேண்டிய தேவை அதனால்தான் கூடியது.

கைதேர்ந்த ஒரு பாஸ், அதாவது கராஜ் மெக்கானிக், கொதிப்பை எப்படி அணுகுகிறார் என்று பார்த்தால் ஒரு நூற்றாண்டின் அனுபவம் தெரியும். ஸ்பெனரை எடுக்குமுன் அவர் கேள்வி கேட்பார்.

“பாஸ், வண்டி ஹீட் ஏறுது.”

“எங்க வச்சு ஏறுச்சு? ஏத்தத்துலயா, டவுனுக்குள்ள நிக்கையிலயா?”

பதில்தான் பாதி வேலை. நெரிசலில் நிற்கும்போது மட்டும் சூடேறி, ஓடத் தொடங்கியதும் இறங்கினால் விசிறி, அதன் மோட்டார், அதன் பிடிப்பு ஆகியவற்றில் சந்தேகம் விழும். ஏற்றத்தில் மட்டும் ஏறினால் அடைபட்ட ரேடியேட்டர், தளர்ந்த பெல்ட், தேய்ந்த பம்ப், தொடக்க நிலையிலுள்ள கெஸ்கட் பழுது. கிளப்பிய சில நிமிடங்களிலேயே ஏறினால் தேமோஸ்டாட். மேல் ஹோஸ் கொதிக்க, கீழ் ஹோஸ் சில்லென்றிருந்தால் தண்ணீர் சுற்றவில்லை என்று கையே சொல்லிவிடும். விடாமல் உரசும் பிரேக்கும் நழுவும் கிளச்சும்கூட எஞ்சினைச் சூடாக்கும் என்பதால் சக்கரத்தையும் தொட்டுப் பார்ப்பார்.

வெளியே ஒரு சொட்டுக்கூடச் சிந்தாமல் தண்ணீர் குறைந்துகொண்டே போவதுதான் எல்லாரும் அஞ்சும் அடையாளம். அப்போது குளிர்ந்த எஞ்சினில் மூடியைத் திறந்துவைத்துக் கிளப்புவார்கள். ரேடியேட்டர் வாயில் குமிழ்கள் விடாமல் வந்தால் சிலிண்டரில் எரிந்த வாயு தண்ணீருக்குள் புகுகிறது என்று பொருள். ஒயில் மூடியின் உட்புறம் பால்போல வெளுத்திருக்கிறதா, புகைக்குழாயில் இனிப்பு மணமுள்ள வெண்புகை வருகிறதா என்றும் பார்ப்பார்கள். காபனீரொட்சைட்டு பட்டால் நீலத்திலிருந்து மஞ்சளாக மாறும் சோதனைத் திரவம் இருந்தால் சந்தேகமே இல்லை. வண்டியின் கணினியில் இணைத்துப் பார்க்கும் கருவி இன்று உதவுகிறது. ஆனால் அது சொல்வது வெப்பநிலையை. காரணத்தை மனிதன்தான் தேட வேண்டும்.

டிசம்பரிலிருந்து மே வரை சிவனொளிபாதமலைக்கு யாத்திரிகர்களை ஏற்றிய வான்கள் ஹட்டன், நோர்வூட், மஸ்கெலியா வழியாக நல்லதண்ணிக்கு ஏறுகின்றன. ஏப்ரலில் நுவரெலியாவின் வசந்தகாலக் கூட்டம். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறக்கப்பட்டது. அந்த இடைவெளியில் பழைய வண்டிகள் இன்னும் பழையவையாகின. அவற்றில் பல, ஆட்கள் நிறைந்து, ஏசி ஓட, வெறும் தண்ணீரோடு கினிகத்தேனையில் ஏறுகின்றன. இன்றைய குற்றவாளி பெரும்பாலும் பராமரிப்பின்மை.

மலைக்கு வருகிறவர்கள் புறப்படுமுன் எஞ்சின் ஆறியிருக்கும்போது கூலன்ட்டின் அளவையும் நிறத்தையும், ஹோஸ்களையும் பெல்ட்டையும் பார்த்துக்கொள்ளுங்கள். முள் ஏறினால் ஏசியை நிறுத்தி ஓரங்கட்டுங்கள். ஆவி வந்தால் எஞ்சினை நிறுத்திவிட்டு, அரை மணி நேரமாவது மூடியைத் தொடாதீர்கள். கொதிக்கும் எஞ்சினில் ஓடைத் தண்ணீரை ஊற்றுவது இரும்புக் காலத்திலேயே ஆபத்து. இப்போது அது ஹெட்டையே வெடிக்க வைக்கலாம்.

மலையகத்து வாசகர்களுக்கு இன்னொரு வேண்டுகோள். தேயிலையின் வரலாற்றில் தோட்டத் துரைமார்களின் பெயர்களும் ஏற்றுமதிக் கணக்குகளும் நிறையப் பதிவாகியுள்ளன. வாளியோடு ஓடிய கிளீனர்களும், ரேடியேட்டருக்கு ஈயம் வைத்த பாஸ்மாரும், பஸ் டிப்போவில் இரவெல்லாம் ஹெட் இறக்கியவர்களும் அதில் இல்லை. உங்கள் வீட்டிலோ லயத்திலோ அப்படி ஒருவர் இன்னும் இருந்தால், அவர் ஓட்டிய வண்டிகளையும் பார்த்த பழுதுகளையும் கேட்டு எழுதி வையுங்கள்.