எல்லைக்கோடும் வேதாளமும்

ஒரு நிலத்தின் வரலாறு கல்வெட்டுகளிலும் அரசாணைகளிலும் மட்டுமே பதிந்து கிடப்பதன்று. அந்நிலத்து மக்கள் விளக்கடியில் அமர்ந்து விரும்பிப் படித்த மாயக் கதைகளிலும் அது மறைந்து வாழ்கிறது. திருத்தணிகை மலையையும் அதனைச் சூழ்ந்த கே.ஜி.கண்டிகை முதலிய ஊர்களையும் அறிந்தவர்க்கு இவ்வுண்மை எளிதில் விளங்கும். ஒரே சந்தையில் தமிழும் தெலுங்கும் கலந்தொலிக்கும் நிலம் அது.

1953 அக்டோபர் முதல் நாளில் ஆந்திர மாநிலம் அமைந்தபோது, சித்தூர் மாவட்டத்தோடு திருத்தணியும் அம்மாநிலத்தின் பகுதியாயிற்று. ம.பொ.சிவஞானம், மங்கலங்கிழார் முதலிய பெரியோர் முன்னின்று நடத்திய வடக்கெல்லைப் போராட்டத்தின் பயனாகவும், படாஸ்கர் அளித்த பரிந்துரையின் வழியாகவும், 1960 ஏப்ரல் முதல் நாளில் அது சென்னை மாநிலத்தோடு இணைந்தது. இடைப்பட்ட ஆறரை ஆண்டுகள் மாவட்டமும் மாநிலமும் பற்றிய வழக்காடல்களில் கழிந்தன. ஆயினும் அக்காலத்துச் சிறுவர் உலகில் எல்லைக்கோடு எதுவும் இல்லை. அவர்கள் கையில் ஒரே இதழ் இரண்டு எழுத்துகளில் தவழ்ந்தது.

தெலுங்குப் பேனாவும் தமிழ்த் தூரிகையும்

1947 ஜூலையில், நாடு விடுதலை பெறுவதற்கு ஒரு திங்கள் முன்பு, பி.நாகிரெட்டியும் சக்கரபாணியும் சென்னையில் ஓர் இதழைத் தொடங்கினர். தெலுங்கில் ‘சந்தமாமா’, தமிழில் ‘அம்புலிமாமா’. பின்னர் அது இந்திய மொழிகள் பலவற்றிலும் பரவியது. 1952 முதல் 1980 வரை அதன் ஆசிரியப் பொறுப்பைச் சுமந்தவர் தெலுங்கு எழுத்தாளர் கொடவட்டிகண்டி குடும்பராவ். உருவிய வாளும் தோளிற் கிடக்கும் பிணமுமாய் மயானத்தில் நடக்கும் விக்கிரமாதித்தனைத் தலைமுறைகளின் மனத்தில் நிலைநிறுத்தியவர் தமிழ் ஓவியர் சங்கர் எனப்பட்ட கே.சி.சிவசங்கரன் (1924–2020). அவர் மறைவுக்குப் பின் 2021இல் நாடு அவருக்குப் பத்மஸ்ரீ விருதளித்தது. மாநிலங்கள் எல்லைக்காக வாதிட்டுக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில் தெலுங்குப் பேனாவும் தமிழ்த் தூரிகையும் ஒரே பக்கத்தில் கைகோத்திருந்தன என்பது எண்ணி மகிழத்தக்கது.

வேதாளக் கதைகளின் வேர் பழமையானது. பதினொன்றாம் நூற்றாண்டில் காசுமீரத்துச் சோமதேவர் வடமொழியில் தொகுத்த ‘கதாசரித்சாகர’த்தில் அவை இருபத்தைந்தாக உள்ளன. தமிழகத்தில் அவை ‘பெரிய எழுத்து’ நூல்களாய்த் திருவிழாக் கடைகளில் விற்றன. அம்புலிமாமாவோ அந்த எண்ணிக்கையோடு நிற்கவில்லை. பழங்கதைகள் தீர்ந்ததும் புதியனவற்றைப் புனைந்து, வேதாளத்தைத் திங்கள்தோறும் முருங்கை மரத்திற்கே திருப்பி அனுப்பியது. ஒவ்வொரு கதையும் ஒரு கேள்வியில் முடியும். விடை தெரிந்தும் வாய் திறவாவிடில் தலை வெடிக்கும்; வாய் திறந்தாலோ வேதாளம் நழுவும். படிப்பவரும் தம் விடையை மனத்துள் எண்ணிய பின்னரே பக்கத்தைப் புரட்டுவர். தமிழ்ச் சிறுவர் பலருக்குத் தருக்கத்தின் முதற்பாடம் இதுவே எனலாம்.

வேதாளத்திலிருந்து இயந்திரத்திற்கு

அறிவியல் புனைகதையும் இத்தகையதொரு கேள்வியிலேயே பிறக்கிறது. ‘இவ்வாறு நேர்ந்தால் மனிதன் என்ன செய்வான்?’ என்பதே அதன் உயிர். இத்துறையில் சென்னைக்கு ஒரு பழம்பெருமை உண்டு. வங்கப் பெண்மணி ரொக்கையா ஆங்கிலத்தில் எழுதிய ‘சுல்தானாவின் கனவு’ 1905இல் சென்னையிலிருந்து வெளிவந்த மகளிர் இதழொன்றில்தான் அச்சேறியது. பெண்கள் ஆளும் நாட்டில் கதிரவனின் வெப்பமே அடுப்பெரிக்கும் என்று அக்கதை அன்றே கண்டது. சில ஆண்டுகளில் பாரதியார் ‘ஞானரத’த்தில் ஏறிப் பல்வேறு உலகங்களைச் சுற்றி வந்தார். புதுமைப்பித்தனோ கடவுளையே சென்னைத் தெருவுக்கு அழைத்து வந்து, கந்தசாமிப் பிள்ளையோடு காப்பி குடிக்க வைத்தார். தமிழ்க் கற்பனை வானத்தை அண்ணாந்து பார்ப்பதோடு அமையாமல், அதனை வீட்டு முற்றத்திற்கே கொணரும் இயல்புடையது என்பதற்கு இவை சான்று.

1972இல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் ‘இரும்புக்கை மாயாவி’யோடு புறப்பட்டது. ஆய்வுக்கூட விபத்தில் வலக்கையை இழந்து எஃகுக்கை பொருத்திக்கொண்ட ஒருவன், மின்சாரம் பாய்ந்தால் உடல் மறைந்து கைமட்டும் தெரிய நடமாடுவான். இங்கிலாந்தில் பிறந்த அந்நாயகன் தமிழ்நாட்டுச் சிறுவர்க்கு ஊர்க்காரனாகவே ஆகிவிட்டான். வேதாளத்தைச் சுமந்து பழகிய வாசகர்க்கு மின்சாரமும் ஒரு மந்திரமாகவே தோன்றியது.

அம்மந்திரத்தை அறிவியலாகத் தெளிவித்தவர் சுஜாதா (1935–2008). 1980களில் ஆனந்த விகடனில் தொடராக வந்த ‘என் இனிய இயந்திரா’வும், அதன் தொடர்ச்சியான ‘மீண்டும் ஜீனோ’வும் வருங்கால ஆட்சியொன்றைக் காட்டின. அங்கே மனிதருக்குப் பெயர் இரண்டே எழுத்து. குழந்தை பெறவும் அரசின் இசைவு வேண்டும். நாட்டை ஆளும் தலைவனோ வெறும் ஒளித்தோற்றம். அங்கே மனிதரைக் காட்டிலும் மிகுதியாய்ச் சிந்திப்பது ஜீனோ என்னும் இயந்திர நாய். வியப்பூட்டுவதற்காக மட்டும் எழுதப்பட்ட கதையன்று அது. அதிகாரத்தைப் பற்றிய கேள்வி. எண்களால் குடிமக்கள் அறியப்படும் இன்றைய நாளில் அக்கேள்வி முன்னினும் கூர்மையாக ஒலிக்கிறது.

இன்றைய வாசகர்

இன்று இத்துறையை நாடும் வாசகர்முன் சுஜாதாவின் மறுபதிப்புகள் உள்ளன. சித்தர் மரபையும் இந்திய அறிவு மரபையும் களமாக்கிய ஜெயமோகனின் ‘விசும்பு’ கதைகள் உள்ளன. 1997இல் வெளிவந்த ‘விஷ்ணுபுரம்’ ஒரு முழுநகரையே கனவிலிருந்து எழுப்பிக் காட்டுகிறது. ஹாரி பாட்டர் தமிழ் பேசுகிறான். பிரெஞ்சிலிருந்து வந்த ‘குட்டி இளவரசன்’ 1981 முதலே தமிழர் வீட்டுப் பிள்ளையாக வளர்கிறான்.

ஆனால் இவ்வளத்தின் ஊற்றுக்கண் தூர்ந்துகொண்டிருக்கிறது. அம்புலிமாமா 2010களின் தொடக்கத்தில் நின்றுபோனது. பழைய இதழ்கள் எடைக்குப் போயின. எஞ்சியவற்றை ஆர்வலர் தேடித் தேடிச் சேர்க்கின்றனர். இவ்விழப்புக்கு வறுமை மட்டும் காரணமன்று. இவை ‘சிறுவர் படிப்பு’, ‘பொழுதுபோக்கு’ என்று இலக்கிய உலகம் ஒதுக்கியதே முதற்காரணம். வரலாற்று நாவலுக்கும் மரபுக்கவிதைக்கும் இலக்கிய மன்றங்கள் விழா எடுத்தன. வேதாளத்தை வரைந்த கையையோ நெடுங்காலம் நினைக்கவில்லை.

கவிஞர் பெருமக்கள் எண்ணிப் பார்க்கவேண்டிய இடம் இது. உவமை என்பதே ஒரு பொருளை மற்றொன்றாக மாற்றும் மாயம்தான். எரியும் சொல்லை எழுதிய பாரதியே ஞானரதத்தையும் ஓட்டினார். ஒன்று உயர்வு, ஒன்று தாழ்வு என அவர் பிரிக்கவில்லை. எல்லைப் போராட்டம் ஒரு நிலத்தை மீட்டுத் தந்தது. எல்லைக்கு இருபுறமும் பொதுவாய் வாழ்ந்த ஒரு கனவுலகத்தை மீட்கும் பணியோ இன்னும் எஞ்சியிருக்கிறது. மன்றங்கள்தோறும் நூலகத்தில் ஓர் அலமாரியை இக்கதைகளுக்கு ஒதுக்கினாலே அப்பணி தொடங்கிவிடும்.

வேதாளம் இன்னும் முருங்கை மரத்தில்தான் தொங்குகிறது. அது கேட்டுவிட்ட கேள்விக்கு விடை தெரிந்தவர்கள் வாய்மூடி இருப்பது முறையாகுமா?