மாயக் கதைத் தொடர்களும் தமிழ் மரபும்

கதை கேட்கும் வேட்கை மாந்தரின் மிகப் பழைய வேட்கைகளுள் ஒன்று. ஒரு கதை முடிந்ததும், 'அப்புறம்?' என்று குழந்தை கேட்கிறது. அந்த ஒரு சொல்லுக்கு விடை கூறப் புகுந்ததன் பயனே தொடர்கதை என்னும் இலக்கிய வகை எனலாம்.

போபோடியில் வாழும் தமிழ்க் குடும்பத்தார் சிலர் சென்ற ஓராண்டாக மாயக் கதைத் தொடர்களையும் அறிவியல் புனைகதைத் தொடர்களையும் முறை வகுத்துக்கொண்டு படித்து வந்தோம். பிள்ளைகள் விரும்பும் ஆங்கிலத் தொடர்களைப் பெரியோர் படிப்பது. பெரியோர் தம் இளமையில் படித்த தமிழ்க் கதைகளைப் பிள்ளைகள் படிப்பது. தமிழெழுத்துப் பழகாதவர்க்கு உரக்க வாசித்துக் காட்டுவது. இதுவே அம்முறை.

இதற்குக் காரணம் பிள்ளைகள் எழுப்பிய ஒரு வினா. முளா ஆற்றங்கரையில், கிர்க்கி என்று நம் முன்னோர் வழங்கிய கட்கிக்கும் தாப்போடிக்கும் இடையே வாழும் நம் பிள்ளைகள் பள்ளியில் ஆங்கிலமும் தெருவில் மராத்தியும் வீட்டில் தமிழும் பேசுகின்றனர். தடித்த ஆங்கில நூல்களை ஒன்றன்பின் ஒன்றாகப் படித்து முடிக்கும் அவர்கள், "இப்படிப்பட்ட கதைகள் தமிழில் உண்டா?" என்று கேட்கின்றனர். இல்லை என்றால், தமிழ் அடுக்களையோடு நின்றுவிட்ட மொழி என்னும் எண்ணம் அவர்கள் நெஞ்சில் வேரூன்றிவிடும். உண்டு என்று வெறும் பெருமை பேசினாலோ, சான்று எங்கே என்பர். ஆகவே, மரபைத் துருவி நோக்குவது நம் கடமையாயிற்று.

மந்திரமும் பொறியும்

சிலப்பதிகாரமும் மணிமேகலையும் இரட்டைக் காப்பியங்கள் எனப்படும். கோவலன் கதை ஒரு நூல்; அவனுக்கும் மாதவிக்கும் பிறந்த மகளின் கதை மற்றொரு நூல். முதல் நூலின் மாந்தரும் வினைகளும் இரண்டாம் நூலில் தொடர்கின்றன. தொடர்நூல் என்னும் கருத்து நமக்குப் புதிதன்று என்பதற்கு இஃதொன்றே போதும்.

மணிமேகலையில் வியப்புகள் மலிந்து கிடக்கின்றன. மணிமேகலா தெய்வம் அவளை மணிபல்லவத் தீவுக்கு எடுத்துச் செல்கிறது. வேற்றுருக் கொள்ளவும் வான்வழி செல்லவும் பசியை வெல்லவும் மந்திரங்களை அருளுகிறது. எடுக்க எடுக்கக் குறையாத அமுதசுரபி அவள் கைக்கு வருகிறது. ஆயின், அக்கலம் அரசாளவோ பகை முடிக்கவோ பயன்படவில்லை. பசித்தோர்க்கு உணவிடவே பயன்படுகிறது. உலக மாயக் கதைகளில் வரும் மந்திரப் பொருள்களுள் இத்தகைய அறநோக்குடையது வேறு உண்டோ என்று நாம் வியந்தோம்.

திருத்தக்கதேவரின் சீவக சிந்தாமணிக்கு வருவோம். கட்டியங்காரனின் சூழ்ச்சியை உணர்ந்த சச்சந்தன், கருவுற்ற தன் தேவி விசயையைக் காப்பதற்காக மயிற்பொறி ஒன்றைச் செய்விக்கிறான். பொறியை வலப்புறம் திரித்தால் அது மேலெழும். இடப்புறம் திரித்தால் இறங்கும். தேவி அதனை இயக்கப் பழகுகிறாள். பகைவர் சூழ்ந்த நாளில் அதிலேறித் தப்பிச் சுடுகாட்டில் இறங்குகிறாள். அங்கே சீவகன் பிறக்கிறான்.

மணிமேகலையும் விசயையும் இருவரும் வானில் சென்றவர்களே. ஆனால் முன்னவள் மந்திரத்தால் சென்றாள்; பின்னவள் பொறியால் சென்றாள். அதிலும் இயக்கும் முறையைப் பழகிய பின்னரே சென்றாள். மாயக் கதைக்கும் அறிவியல் புனைகதைக்கும் உள்ள வேறுபாட்டை இதைவிட எளிதாகப் பிள்ளைகளுக்கு விளக்கவியலாது. சிந்தாமணியை உ. வே. சாமிநாதையர் 1887-இல் பதிப்பித்தார். மனிதன் விமானத்தில் பறப்பதற்கு 16 ஆண்டுகளுக்கு முன்பே அந்த மயில் அச்சேறிவிட்டது. நம் முன்னோர் விமானம் செய்தனர் என்பதற்கு இது சான்றாகாது. விமானத்தைக் கனவு கண்டனர் என்பதற்குச் சான்றாகும். கனவுக்குரிய பெருமையே இலக்கியத்திற்குப் போதுமானது.

பைத்தானிலிருந்து வந்த கதை

நம் வாசிப்பில் நெஞ்சை மிகவும் தொட்டது பெருங்கதையின் வரலாறு. கொங்குவேளிர் இயற்றிய அந்நூலின் மூலம் குணாட்டியரின் பிருகத்கதை. குணாட்டியர் சாதவாகன மன்னனின் அவையில் இருந்தவர் என்பது மரபு. அம்மன்னர்களின் தலைநகர் பிரதிட்டானம். இன்று கோதாவரிக் கரையில் பைத்தான் என வழங்கும் ஊர். ஆம், நாம் பிழைக்க வந்த இதே மராட்டிய மண்!

காஷ்மீரத்துச் சோமதேவர் 11-ஆம் நூற்றாண்டில் இயற்றிய கதாசரித்சாகரம் குணாட்டியரைப் பற்றி ஒரு கதை கூறுகிறது. வடமொழி அறியாத மன்னன் அரசியின் முன் நாணமுற்று, விரைந்து அம்மொழி கற்க விரும்புகிறான். ஆறாண்டுகளில் கற்பிக்கலாம் என்கிறார் குணாட்டியர். ஆறே திங்களில் கற்பிப்பேன் என்கிறார் மற்றொருவர். அது நடந்தேறினால் வடமொழி, பிராகிருதம், நாட்டுமொழி ஆகிய மூன்றையும் துறப்பேன் என்று சூளுரைத்த குணாட்டியர் தோற்று, காடு புகுகிறார். அங்கே பைசாசம் என்னும் நான்காம் மொழியைக் கற்று, அம்மொழியில் ஏழு இலட்சம் பாடல்களால் பெருங்கதை ஒன்றைத் தம் குருதியால் எழுதுகிறார். மொழி இழிந்தது என்று மன்னன் அதனைப் புறக்கணிக்கிறான். மனமுடைந்த ஆசிரியர் தீ மூட்டி, ஒவ்வோர் ஏடாகப் படித்துவிட்டுத் தீயிலிடுகிறார். காட்டு விலங்குகள் மேய்ச்சலையும் மறந்து கண்ணீர் சொரிந்தபடி கேட்டிருக்கின்றன. செய்தி எட்டி மன்னன் ஓடிவருவதற்குள் ஆறு இலட்சம் பாடல்கள் எரிந்துவிடுகின்றன. ஓர் இலட்சமே எஞ்சுகிறது.

இது புனைவே எனினும் பொருள் பொதிந்த புனைவு. மூலநூல் இன்று உலகில் இல்லை, வழிநூல்களே உள்ளன. தமிழ்ப் பெருங்கதையை உ. வே. சா. 1924-இல் பதிப்பித்தபோது அவருக்குக் கிடைத்த ஏடுகளில் நூலின் தொடக்கமும் இல்லை, முடிவும் இல்லை. உதயணனைச் சிறைப்பிடிக்க வீரர்களை உள்ளே மறைத்து அனுப்பிய எந்திர யானை முதலிய அரிய கற்பனைகளைக் கொண்ட கதை, தலையும் காலும் இழந்தே நம்மை வந்தடைந்தது. படிப்போரும் படியெடுப்போரும் குறைந்தால் எத்துணைப் பெரிய கதையும் அழியும். ஊர் மாறி வாழும் நமக்கு இதைவிட வேறு எச்சரிக்கை வேண்டுமோ?

காடாறு மாதம், நாடாறு மாதம்

ஏட்டுக் காப்பியங்கள் புலவர்க்குரியனவாக இருக்க, பொதுமக்களின் மாயக் கதைத் தொடராக விளங்கியது விக்கிரமாதித்தன் கதை. வேதாளம் கதை சொல்லும். இறுதியில் வினா எழுப்பும். மன்னன் விடை கூறியதும் மௌனம் கலைந்ததென்று மீண்டும் மரமேறும். கதை தொடர்வதற்கு அந்த ஏற்பாடே பொறியாக அமைகிறது. அரியணையின் முப்பத்திரண்டு பதுமைகளும் போசனைத் தடுத்து ஆளுக்கொரு கதை சொல்வதும் அத்தகைய அமைப்பே. பெரிய எழுத்துப் பதிப்புகளாக வெளிவந்த இக்கதைகளைத் திண்ணையில் ஒருவர் படிக்க ஊரே கேட்டது.

ஆயிரம் ஆண்டு ஆளுமாறு வரம் பெற்ற மன்னனின் வாழ்நாளை, பட்டி தன் மதியூகத்தால் இரட்டிப்பாக்கினான்: நாட்டில் ஆறு மாதம், காட்டில் ஆறு மாதம். ஊரில் வேரும் போபோடியில் கிளையுமாக வாழும் நம் குடும்பங்களுக்கு இத்தொடரின் பொருளை எவரும் விளக்க வேண்டியதில்லை.

1947 சூலையில் நாகிரெட்டியும் சக்கரபாணியும் சென்னையில் தெலுங்கில் சந்தமாமாவையும் தமிழில் அம்புலிமாமாவையும் தொடங்கினர். வாளேந்திய மன்னன் தோளில் பிணத்தைச் சுமந்து செல்லும் ஓவியத்தை வரைந்த சங்கர் 2020-இல் மறைந்தார். அவ்விதழ் மராத்தியில் 'சாந்தோபா' என்னும் பெயரில் வந்தது. இன்று அவ்விதழ்கள் நின்றுபோயின. ஆயினும் போபோடியில் நம் அண்டை வீட்டு மராத்திப் பெரியவரிடம் வேதாளத்தின் பெயரைச் சொன்னால் அதே ஓவியம் அவர் நினைவிலும் எழுகிறது. மொழி வேறாயினும் இளமை ஒன்றாக இருந்திருக்கிறது!

அறிவியல் புனைவின் வரவு

பாரதியார் புதுவையில் வாழ்ந்த காலத்தில் எழுதிய ஞானரதம் 1910-இல் நூலாயிற்று. மனமாகிய தேரிலேறி உபசாந்தி லோகம், கந்தர்வ லோகம் முதலிய பல உலகங்களைக் கண்டு மீளும் கற்பனை அது. பெரியார் 1940-களில் 'இனி வரும் உலகம்' என்னும் கட்டுரையில் கம்பியில்லாச் செய்திக் கருவி ஒவ்வொருவரிடமும் இருக்கும் காலத்தையும், சோதனைக் குழாய் வழியே குழந்தை பெறும் காலத்தையும் முன்னுரைத்தார். அது கதையன்று, எனினும் எதிர்காலத்தை அஞ்சாமல் எண்ணிப் பார்க்கும் துணிவைத் தமிழுக்குத் தந்தது.

1972-இல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் 'இரும்புக்கை மாயாவி'யைக் கொணர்ந்தது. மின்சாரம் பாய்ந்ததும் உடல் மறைந்து இரும்புக் கை மட்டும் தெரியும் அந்த ஆங்கில நாட்டுப் படைப்பு, தமிழ்ச் சிறுவர்களின் சொந்தப் பிள்ளையாகவே ஆகிவிட்டது.

1980-களில் சுஜாதா ஆனந்த விகடனில் 'என் இனிய இயந்திரா'வை எழுதினார். அதனைத் தொடர்ந்து 'மீண்டும் ஜீனோ' வந்தது. பெங்களூரில் பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் பொறியாளராக இருந்தவர் அவர். அவர் படைத்த 2021-ஆம் ஆண்டில் குழந்தை பெறவும் அரசின் ஒப்புதல் வேண்டும். ஜீவா என்னும் தலைவனின் ஆட்சியில் காணாமற்போன கணவனைத் தேடுகிறாள் நிலா. அவளுக்குத் துணையாவது ஜீனோ என்னும் இயந்திர நாய். நூல்களைப் படித்துப் படித்து அந்த இயந்திரம் சிந்திக்கத் தொடங்குகிறது. கதையின் ஆண்டு கடந்து நாம் வாழ்ந்துகொண்டிருக்கும் இந்நாளில், நம் பிள்ளைகள் மிக விரும்பிய தமிழ்நூல் இதுவே. எழுத்துக்கூட்டிப் படித்த இருவர் இரண்டாம் பாகத்தைத் தாமே கேட்டுப் பெற்றனர்.

மராத்தியர் பங்கும் ஈண்டு நோக்கத்தக்கது. பா. ரா. பாகவத் படைத்த 'பாஸ்டர் பெணே' என்னும் சிறுவன் புணேயின் தெருக்களில் சுற்றித் திரிந்தவன்; ஜூல்ஸ் வெர்னின் கதைகளையும் மராத்திக்குக் கொணர்ந்தவர் பாகவத். 1974-இல் மராத்தி விஞ்ஞான பரிஷத் நடத்திய போட்டிக்குக் கருந்துளை பற்றிய ஒரு கதை நாராயண் விநாயக் ஜகதாப் என்னும் பெயரில் வந்து முதற்பரிசு பெற்றது. எழுதியவர் ஜயந்த் விஷ்ணு நார்லீகர்! தம் பெயரின் முதலெழுத்துகளைத் தலைகீழாக்கிப் புனைபெயர் சூடியிருந்தார். கேம்பிரிட்ஜில் புகழ்பெற்ற அந்த வானியலறிஞர் தாய்மொழியில் கதை எழுதுவதைச் சிறுமையாகக் கருதவில்லை. அவர் 1988-இல் புணேயில் நிறுவிய வானியல் ஆய்வு மையம் போபோடிக்குச் சில கல் தொலைவிலேயே உள்ளது. 2025 மே 20 அன்று அவர் மறைந்தார்.

பிறநாட்டுத் தொடர்கள்

பிள்ளைகள் தந்த நூல்களிலும் நாம் கற்றவை பல. ஆக்ஸ்போர்டில் பழைய ஆங்கிலம் பயிற்றுவித்த டோல்கீன் முதலில் மொழிகளைப் படைத்தார். பின்னரே அவற்றைப் பேசுவோர்க்குரிய உலகைப் படைத்தார். மொழிப்பற்றில் முளைத்த அவ்வுலகே 1954, 1955 ஆண்டுகளில் மூன்று பெருநூல்களாக விரிந்தது. அசிமோவின் 'பவுண்டேஷன்' தொடரில், சரியப்போகும் பேரரசின் அறிவுச் செல்வத்தைக் காக்க அறிஞர் குழுவொன்று விண்மீன் கூட்டத்தின் விளிம்பில் குடியேற்றப்படுகிறது. உர்சுலா லெ குவின் 1968-இல் தொடங்கிய 'எர்த்ஸீ' தொடரில், ஒரு பொருளின் உண்மைப் பெயரை அறிந்தவனே அதனை ஆளவல்லான். மொழி, விளிம்பில் குடியேற்றம், உண்மைப் பெயர் ஆகிய இம்மூன்றும் நம் வீடுகளில் நாள்தோறும் பேசப்படும் பொருள்கள் அல்லவோ?

ஒன்றை ஒளிக்காமல் கூறவேண்டும். ஓர் உலகத்தை முற்றாகப் படைத்து, அதன் நிலப்படமும் வரலாறும் வகுத்துப் பல பாகங்களாக விரியும் அறிவியல் புனைகதைத் தொடர்கள் தமிழில் மிகச் சிலவே. வார இதழ்களில் தொடர்கதைக்குக் கிடைத்த இடத்தைப் பெரும்பாலும் குடும்பக் கதைகளும் வரலாற்றுப் புதினங்களும் நிரப்பின. கல்கியின் 'பொன்னியின் செல்வ'னை வாரந்தோறும் கிழித்தெடுத்துத் தைத்துக் கட்டடம் செய்த வீடுகள் எண்ணற்றவை. அதே காத்திருப்பை எதிர்காலக் கதைகளுக்குப் பெற்றுத்தந்தவர் சுஜாதாவைப் போல ஒரு சிலரே. நாட்டத்திலோ கற்பனையிலோ நமக்குக் குறையில்லை. எழுதுவோர்க்கு இடமும் படிப்போர்க்குப் பழக்கமும் குறைந்தன.

நாம் கண்டது

ஓராண்டு வாசிப்பில் ஓர் உண்மை தெளிவாயிற்று. கதைகள் குடிபெயர்ந்தே வளர்ந்திருக்கின்றன. பைத்தானின் கதை கொங்குநாட்டுப் புலவர் வாயிலாகத் தமிழாயிற்று. புதுவையில் அடைக்கலம் புகுந்தவர் ஞானரதம் செலுத்தினார். பெங்களூரில் பணிபுரிந்தவர் ஜீனோவைப் படைத்தார். ஆகவே, புலம்பெயர்ந்த வீட்டில் பிறந்த பிள்ளை தமிழ்க் கதைக்கு அயலான் அல்லன். அதன் நெடுவழியில் நடக்கும் மற்றொரு பயணியே ஆவான்.

செய்ய வேண்டுவன எளியவை. இரவுதோறும் ஓர் அத்தியாயம் உரக்கப் படியுங்கள்; சுவை மிகுந்த இடத்தில் நிறுத்துங்கள்; 'அப்புறம்?' என்று கேட்கும் பிள்ளையின் கையில் நூலைக் கொடுங்கள். ஆங்கிலத்தில் படித்த கதையைத் தமிழில் சொல்லச் செய்யுங்கள். நார்லீகரின் சான்றைக் காட்டி எழுதவும் தூண்டுங்கள். போபோடிப் பாலத்தைக் கடந்து செல்லும் மெட்ரோ வண்டியிலிருந்து தொடங்கும் ஓர் அறிவியல் புனைகதை, நம் பிள்ளை ஒருவரின் கையால், மராத்திச் சொல் ஒன்றிரண்டு கலந்த தமிழில் ஏன் பிறக்கலாகாது?

குணாட்டியரின் கதையில் ஓர் இலட்சம் பாடல்கள் எஞ்சியதற்குக் காரணம், காலம் தாழ்ந்தேனும் கேட்பவன் ஒருவன் வந்து சேர்ந்தான் என்பதே. நம் வீடுகளில் கேட்பவர்கள் முன்னமே வந்து அமர்ந்திருக்கின்றனர். ஏடுகள் தீயில் விழுமுன் படித்துக் காட்டுவது நம் பொறுப்பு.